குளிர்காலமும் மின்வாகன பேட்டரியும்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மின்சார ஸ்கூட்டரோ காரோ சைக்கிளோ வைத்திருக்கும் பலர், பனி மூடிய நாடுகளில் எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்துவிட்டு, அங்குள்ளவர்களின் கவலையை அப்படியே நம் கடற்கரை ஊர்களுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தக் கவலையில் எது நமக்குப் பொருந்தும், எது மலையேறும்போது மட்டும் பொருந்தும், எது வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பதைப் பிரித்துச் சொல்வதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் குளிரால் பேட்டரிக்குக் கேடு உண்டா?

இல்லை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில்கூட இந்த ஊர்களில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. லித்தியம் அயனி பேட்டரிக்கு ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி வரை உகந்த காலநிலை என்பதால், நம்மைப் போர்வை தேடவைக்கும் அந்தக் குளிர் பேட்டரிக்கு இதமானதே. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தரையையும் மச்சையும் துளைக்கும் அந்தப் பனி பேட்டரியை ஒன்றும் செய்வதில்லை.

பிறகு ஏன் டிசம்பர், ஜனவரி காலைகளில் என் ஸ்கூட்டர் சில கிலோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது?

பேட்டரியின் உள்தடை, அதாவது மின்சாரம் பாய்வதற்குப் பேட்டரிக்குள்ளேயே எழும் தடை, 35 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் குறையும் தூரம் மிகச் சிறிது. நம் பக்கத்தில் அந்த மாதங்களில் வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஈரச் சாலையில் சக்கரம் உருள்வதற்குக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றாக வீசும் நாள்களில் மோட்டார் அதிகம் உழைக்கிறது. மழைக்காலத்தில் பலர் டயர் காற்றைச் சரிபார்ப்பதே இல்லை. திரையில் தெரியும் தூரம் நேரடியாக அளந்த அளவு அல்ல, அண்மையில் வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு என்பதையும் மறந்துவிடக் கூடாது. முந்தைய நாள் மஞ்சக்குப்பத்திலிருந்து வில்லியனூர் வரை இருவர் அமர்ந்து வேகமாகப் போய்வந்திருந்தால், மறுநாள் காலையில் அந்த எண் குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அதன் பிறகு பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

உண்மையான குளிரில் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

லித்தியம் அயனி செல்லுக்குள் இரண்டு மின்முனைகள் இருக்கின்றன: ஒன்று பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது, மற்றொன்று லித்தியம் கலந்த உலோக ஆக்சைடாலோ பாஸ்பேட்டாலோ ஆனது. இவற்றுக்கு நடுவே, லித்தியம் உப்பைக் கரைத்த ஒரு கரிமக் கரைசல் இருக்கிறது. வண்டி ஓடும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டிலிருந்து கிளம்பிக் கரைசலைக் கடந்து எதிர்முனைக்குச் செல்கின்றன. சார்ஜ் போடும்போது அதே வழியில் திரும்புகின்றன. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பேட்டரி முதல் இன்று சாலையில் ஓடும் பேட்டரிகள் வரை இந்த அடிப்படை மாறவில்லை.

வெப்பநிலை குறையக் குறைய அந்தக் கரைசல் தடிமனாகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்க மறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டரிக் கரைசலோ 20 டிகிரியில் அல்ல, அதற்கு வெகு கீழேதான் இப்படி மந்தமாகும் என்பது மட்டுமே வேறுபாடு. கரைசலில் அயனிகளின் நடமாட்டம் குறைவதோடு, அவை மின்முனைக்குள் நுழைந்து வெளியேறும் வேகமும் குறைகிறது. இவை இரண்டும் சேர்ந்துதான் உள்தடை உயர்வாக வெளிப்படுகின்றன. உள்தடை உயர்ந்தால், ஆக்சிலேட்டரை முறுக்கும் நொடியில் பேட்டரியின் மின்னழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாகச் சரியும். அது குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனதும், பிஎம்எஸ் எனப்படும் பேட்டரி மேலாண்மை மின்சுற்று, செல்களைக் காக்க வேண்டி, மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். பேட்டரிக்குள் மின்னாற்றல் மீதமிருந்தும் அதை வெளியே எடுக்க முடியாத நிலை இது.

எவ்வளவு குறையும் என்பது செல்லின் வகையையும் வண்டி இழுக்கும் மின்சாரத்தின் அளவையும் பொறுத்தது. தோராயமாகச் சொன்னால், 0 டிகிரியில் வழக்கமான கொள்ளளவில் 80 முதல் 90 சதவீதம் வரையும், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் 50 முதல் 70 சதவீதம் வரையும் கிடைக்கும்.

அப்படிக் குறைந்த கொள்ளளவு திரும்பி வருமா?

வரும். செல் மீண்டும் 20, 25 டிகிரிக்கு வந்ததும் அந்த மின்னாற்றல் முழுவதும் மறுபடி கிடைத்துவிடும், ஏனெனில் குளிரால் வேதிவினை மெதுவாகிறதே தவிர செல்லுக்குள் எதுவும் சிதைவதில்லை. வண்டியை ஓட்டும்போதே, உயர்ந்துவிட்ட அதே உள்தடை வெப்பத்தை உண்டாக்கிப் பேட்டரியைச் சிறிது சூடாக்கும். குளிர்ப்பிரதேசங்களில் முதல் சில கிலோமீட்டர்கள் மந்தமாகப் போகும் வண்டி பிறகு சற்றுத் தெளிவது இதனால்தான். நிரந்தர இழப்பு வேறொரு வழியில் வருகிறது. அது அடுத்த கேள்வி.

உறைநிலையில் சார்ஜ் போடக்கூடாது என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் பேட்டரியை ஓட்டலாம், சார்ஜ் செய்யக் கூடாது. பெரும்பாலான லித்தியம் அயனி செல்களின் விவரக்குறிப்பில் ஓட்டுவதற்கு உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை அனுமதி இருக்கும். சார்ஜ் செய்வதற்கோ 0 முதல் 45 டிகிரி வரைதான்.

காரணம் கிராஃபைட் முனையில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது வந்து சேரும் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே நுழைந்து அமர வேண்டும். குளிரில் அந்த நுழைவு மிகவும் மெதுவாக நடக்கிறது; சார்ஜரோ அயனிகளை அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே இடம் கிடைக்காத அயனிகள் முனையின் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிகின்றன. அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் பயன்பாட்டுக்கு வருவதே இல்லை. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். இதே தவறு திரும்பத் திரும்ப நடந்தால், படிவு ஊசிபோல வளர்ந்து, இரு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்து, உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படுத்தவும் கூடும்.

நல்ல பிஎம்எஸ் உள்ள வண்டியில், செல்களோடு ஒட்டி வைக்கப்பட்ட வெப்ப உணரி உறைநிலையைக் கண்டதும் சார்ஜ் ஏறுவதைத் தடுத்துவிடும். சார்ஜர் விளக்கு எரிந்தும் சதவீதம் நகரவில்லை என்றால், அது பெரும்பாலும் பழுதாக இருக்காது. பாதுகாப்பு ஏற்பாடாகவே இருக்கும். மலிவான மின்சார சைக்கிள் பேட்டரிகள் சிலவற்றில் இந்த உணரி இருப்பதில்லை என்பதால், அங்கே பொறுப்பு நம் கையில் இருக்கிறது.

மின்சார ஸ்கூட்டரில் ஊட்டிக்கு ஏறினால் குளிரால் சார்ஜ் வேகமாகத் தீருமா?

தீரும், ஆனால் குளிரால் அல்ல. பழியை ஏற்றத்தின் மேல் போட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டரில். அதாவது ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் 1,900 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஸ்கூட்டரும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 1.3 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்கட்டண அட்டையில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான் இது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. மோட்டாரிலும் கட்டுப்பாட்டுக் கருவியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 1.6 யூனிட் ஆகிவிடும். சாலையில் உருள்வதற்கும் காற்றை எதிர்ப்பதற்கும் ஆகும் செலவு இன்னும் ஒரு யூனிட் அளவுக்கு வரும். ஆகமொத்தம் 2.6 யூனிட். மூன்று யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டர், சமவெளியில் நூறு கிலோமீட்டர் ஓடக்கூடியதாக இருந்தாலும், ஊட்டிப் பேருந்து நிலையத்தைத் தொடும்போது ஏறக்குறைய வற்றிப்போயிருக்கும். அங்கே போய்ச் சேர்ந்து நடுங்கிக்கொண்டே சதவீதத்தைப் பார்ப்பவருக்குக் குளிர்தான் குற்றவாளியாகத் தோன்றும். ஆனால் சித்திரையிலும் அந்தச் செலவு அப்படியே ஆகியிருக்கும்.

காருக்கும் இதே கணக்குதான். நான்கு பேரோடு 1,750 கிலோ எடை கொண்ட மின்சாரக் கார் அந்த உயரத்தை ஏற 9 யூனிட்டும், இழப்போடு சேர்த்து 10 யூனிட்டுக்குச் சற்று மேலும் செலவிடும். சமவெளிச் சாலைக்கான செலவு தனி. எனவே கடலூரிலிருந்து காரில் போகிறவர்கள் மலையடிவாரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புவதே சரி.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் என்பதால் அங்கேயும் இதே முறையில் கணக்கிடலாம்: மொத்த எடை 100 கிலோவாக இருந்தால், ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் இழப்போடு சேர்த்து மூன்றில் ஒரு யூனிட். பயணத்துக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் போதும். மற்ற ஆலோசனைகளில் பாதி தேவைப்படாது.

ஊட்டியில் இரவு தங்கினால் பேட்டரியை எப்படிக் கவனிக்க வேண்டும்?

டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. புல்வெளி வெள்ளையாகக் காணப்படும் அந்த விடியல்களில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். கார் பேட்டரி சில நூறு கிலோ எடையுள்ளது. பகலில் ஓடியதால் ஏறிய சூடு இரவு முழுவதும் அதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஸ்கூட்டர் பேட்டரி விரைவாகக் குளிர்ந்துவிடும். மின்சார சைக்கிளின் பேட்டரி இரண்டு மூன்று கிலோதான் என்பதால் ஓரிரு மணி நேரத்திலேயே வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடும்.

ஆகவே சார்ஜ் போடுவதை விடிகாலைக்குத் தள்ளிப்போடாமல், வந்து சேர்ந்த உடனே, பேட்டரி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். ஆறவிட்ட பிறகே சார்ஜ் போடுங்கள் என்று நம் ஊரில் மே மாதத்தில் சொல்லப்படும் அறிவுரைக்கு இது நேர் எதிரானது என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அறைக்குள் கொண்டுபோய்விடலாம். ஆனால் கணப்பு அடுப்பின் அருகிலோ ரூம் ஹீட்டரின் முன்போ வைக்கக் கூடாது.

இறங்குவதற்கு முன் முழு சார்ஜ் வைத்துக்கொள்வது பாதுகாப்பானதுதானே?

மலையிலிருந்து இறங்குவதைப் பொறுத்தவரை இல்லை. இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் கட்டுப்படுத்துவதோடு மின்சாரத்தையும் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்கு இடமில்லை. பேட்டரி மிகவும் குளிர்ந்திருந்தாலும், மேலே சொன்ன லித்தியம் படிவைத் தவிர்ப்பதற்காக, பிஎம்எஸ் அதை ஏற்பதில்லை. இரண்டும் ஒருசேர அமையும் குளிர்ந்த காலையில், வழக்கமாக ஆக்சிலேட்டரை விட்டதும் பிடிக்கும் வண்டி, பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். கொண்டை ஊசி வளைவில் அந்த மாற்றத்தை முதன்முறையாக உணர்வது ஆபத்தானது. எனவே 70, 80 சதவீதத்தோடு கிளம்புங்கள். முதல் சில வளைவுகளில் கைப்பிடி அல்லது கால் பிரேக்கை நம்பியே இறங்குங்கள்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, டயர் காற்றும் இறங்கிவிடும் என்கிறார்களே?

இரண்டும் சமவெளிக் குளிருக்குச் சரி. மலைக்குளிருக்கு அப்படியே பொருந்தாது. 30 டிகிரியில் இருக்கும் காற்றைவிட உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் உள்ள காற்று 15 சதவீதம் அடர்த்தியானது. கனடாவில் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அது கூடுதல் செலவு. ஊட்டியில் காற்றழுத்தமே குறைவு என்பதால், 10 டிகிரிக் குளிரிலும் அங்குள்ள காற்று நம் கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ 18 சதவீதம் மெல்லியதாகவே இருக்கும். டயரிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. கடலூரில் 33 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு போன காரின் டயரில், இருபது டிகிரிக்கு மேல் குளிர்ந்ததால் மூன்று பிஎஸ்ஐ சொச்சம் குறைகிறது. வெளிக்காற்றழுத்தம் குறைந்ததால் அளவுமானியில் அதே மூன்று பிஎஸ்ஐ சொச்சம் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய சமன் செய்துவிடுகின்றன.

குளிரைத் தாங்குவதில் எல்எஃப்பி பேட்டரி நல்லதா, என்எம்சி பேட்டரி நல்லதா?

குளிரை மட்டும் அளவுகோலாக வைத்தால், நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி பேட்டரி முந்திக்கொள்ளும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனப்படும் எல்எஃப்பி பேட்டரி குளிரில் விரைவாக மந்தமாகும். தவிர, எல்எஃப்பியின் மின்னழுத்தம் சார்ஜின் பெரும்பகுதியில் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால், எத்தனை சதவீதம் மீதமுள்ளது என்பதைக் கணினி துல்லியமாகச் சொல்வது கடினம். குளிரில் அந்தக் கணிப்பு இன்னும் தடுமாறும். இருபது சதவீதம் காட்டிய வண்டி திடீரெனப் பத்துக்குத் தாவுவது இதனால்தான்.

ஆனால் நம் ஊரில் வாங்குபவர் குளிரை வைத்து முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்எஃப்பி வெப்பத்தைத் தாங்குவதிலும், தீப்பிடிக்கும் அபாயம் குறைவாக இருப்பதிலும், அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கத் தாக்குப்பிடிப்பதிலும் மேலானது. டாடா நெக்ஸான் இவி போன்ற இந்தியக் கார்கள் எல்எஃப்பியைத் தேர்ந்தெடுத்தது நம் காலநிலைக்குப் பொருத்தமான முடிவு என்பதே என் கருத்து.

பழைய ஸ்கூட்டர்களிலும் இ-ரிக்‌ஷாக்களிலும் இருக்கும் ஈய அமில பேட்டரி?

குளிரில் அதுவும் கொள்ளளவை இழக்கும். 0 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விடும். சார்ஜ் இறங்கிய நிலையில் அதன் அமிலம் நீர்த்துப்போவதால், கடுங்குளிரில் அது உறைந்து, பேட்டரியின் வெளிக்கூடு வெடிக்கவும் கூடும். நம் கடற்கரையில் இதற்கு வாய்ப்பே இல்லை.

அமெரிக்காவில் பாதி ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) போய்விடுகிறது என்று சொல்வது மிகையா?

முழுக்க மிகையல்ல, ஆனால் அதில் பேட்டரியின் பங்கு குறைவு. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் வெளியிட்ட சோதனையில், உறைநிலைக்குக் கீழே 7 டிகிரியில் மின்சாரக் கார்களின் ரேஞ்ச் ஹீட்டர் போடாமல் ஓட்டும்போது சராசரியாக 12 சதவீதமும், ஹீட்டர் போட்டு ஓட்டும்போது 41 சதவீதமும் குறைந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் கதையே. பெட்ரோல் காரில் இன்ஜின் வீணாக்கும் வெப்பமே பயணிகளுக்குச் சூடு தந்துவிடுகிறது. மின்மோட்டாரில் அப்படி வீணாகும் வெப்பம் மிகக் குறைவு என்பதால், காரின் உள்ளறையைச் சூடாக்கும் மின்சாரத்தையும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் உள்ள கார்களில் இந்தச் செலவு குறையும். இருக்கையை மட்டும் சூடாக்கிக்கொண்டால் இன்னும் குறையும்.

அதே சோதனையில் 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டியபோது ரேஞ்ச் 17 சதவீதம் குறைந்தது. நமக்கு ஆண்டில் பல மாதங்கள் பொருந்துவது இந்த எண்தான்; ஏனோ இதை யாரும் காணொளியாக எடுப்பதில்லை.

குளிர் மின்வாகனத்துக்கு ஆகவே ஆகாது என்பவர்கள் நார்வேயைப் பார்க்க வேண்டும். 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது முழு மின்சாரக் கார்கள்.

குளிரில் விரைவு சார்ஜர் ஏன் மெதுவாக ஏற்றுகிறது?

லித்தியம் படிவைத் தவிர்க்க பேட்டரியே குறைந்த மின்சாரத்தைத்தான் கேட்கும். சார்ஜர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை. 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிர் அடித்தபோது சார்ஜ் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் தேங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பல கார்களில், சார்ஜ் நிலையத்தை வழிகாட்டியில் இலக்காகப் பதிந்தால், போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கத் தொடங்கும் வசதி இருக்கிறது. வீட்டில் பிளக்கில் மாட்டியிருக்கும்போதே பேட்டரியையும் உள்ளறையையும் சூடாக்கிக்கொண்டு கிளம்பினால், அந்தச் செலவு பேட்டரியில் சேராது.

என் மகன் பிரான்சில் மின்சார சைக்கிளில் வேலைக்குப் போகிறான். குளிர்காலத்துக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?

புதுச்சேரியில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மின்சார சைக்கிளின் பேட்டரி பெரும்பாலும் 36 வோல்ட். கொள்ளளவு அரை யூனிட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். காரில் உள்ளதுபோல அதைச் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. குளிர்காற்றிலேயே நேரடியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் குளிர் அதைத்தான் முதலில் தாக்கும்.

வேலையிடத்திலும் வீட்டிலும் சைக்கிளை வெளியே பூட்டினாலும் பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துச் செல்லட்டும். கிளம்பும் நேரத்தில் அறை வெப்பநிலையில் இருக்கும் பேட்டரியை மாட்டினால், அரைமணி நேரப் பயணம் முழுவதும் அந்தச் சூடு பெருமளவு தங்கும். பேட்டரிக்கு மாட்டும் நியோப்ரீன் உறை அதை இன்னும் நீட்டிக்கும். உறையால் பேட்டரி சூடாகாது, இருக்கும் சூடு போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். திரும்பி வந்ததும் உடனே சார்ஜரில் மாட்டக் கூடாது. ஓரிரு மணி நேரம் அறையில் வைத்து, தொட்டால் சில்லென்று இல்லை என்ற நிலை வந்த பிறகு மாட்ட வேண்டும். குளிர்ந்த பேட்டரியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் அதன் மேல் நீர்த்துளிகள் படியும் என்பதால், இணைப்பு முனைகளைத் துணியால் துடைத்து உலரவிடுவதும் அவசியம். ஏற்றத்தில் மோட்டார் உதவியைக் குறைந்த நிலையில் வைத்துக் கால்களுக்குச் சற்று வேலை கொடுத்தால், மின்னழுத்தம் சரிந்து நடுவழியில் அணைந்துபோவதைத் தவிர்க்கலாம், உடம்புக்கும் சூடு.

நீர்த்துளி படிவது நம் ஊரிலும் நடக்குமா?

நடக்கும், தலைகீழாக. ஏசி அறையில் 22 டிகிரியில் இரவு முழுவதும் வைத்திருந்த பேட்டரியை, ஈரப்பதம் மிகுந்த கடற்கரைக் காலையில் வெளியே கொண்டுவந்தால் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். உப்புக்காற்றும் அந்த ஈரமும் சேர்ந்தால் இணைப்பு முனைகளில் பச்சை பூக்கும். தேவனாம்பட்டினம், காலாப்பட்டு போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது முனைகளைப் பார்த்துத் துடைப்பது நல்லது. படுக்கையறையில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது எந்தப் பருவத்திலும் வேண்டாம்.

சில மாதங்கள் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தால்?

40 முதல் 60 சதவீத சார்ஜில், நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் அந்த அளவுக்கு ஏற்றுங்கள். மிதமான குளிர் சேமித்து வைப்பதற்கு உண்மையில் நன்மையே செய்கிறது, ஏனெனில் பேட்டரியை மூப்படையச் செய்யும் வினைகளும் குளிரில் மெதுவாகின்றன. இதைக் கேட்டுவிட்டு யாரும் பேட்டரியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டாம். அங்குள்ள ஈரம் வேறு தொல்லை.

அப்படியானால் நம் பக்கத்தில் பேட்டரியைக் கெடுப்பது எது?

வெயில். குளிரில் குறைவது திரும்பக் கிடைக்கிறது. வெப்பத்தில் கெடுவது திரும்புவதில்லை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் மூப்படையும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் வழங்கும் தோராயக் கணக்கு. கத்திரி வெயிலில் மதியம் ஓட்டி வந்த ஸ்கூட்டரின் பேட்டரி 45 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். அந்தச் சூட்டோடு சார்ஜரில் மாட்டுவதும், 100 சதவீதம் ஏற்றி நாள் முழுவதும் வெயிலில் நிறுத்துவதும்தான் ஆயுளைத் தின்பவை. முக்கால் மணி நேரம் நிழலில் ஆறவிட்டு மாட்டுங்கள். முடிந்தவரை விடியற்காலையில் ஏறி முடியும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தோடு நமக்கு வரும் மற்றொன்று வெள்ளம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் கரையைத்தான் கடந்தன. நீரும் தூசியும் புகாமல் காப்பதைக் குறிக்கும் ஐபி 67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதற்கான சோதனை மட்டுமே. தெருவில் ஒரு நாள் முழுக்க நின்ற வெள்ளத்துக்கு அது உத்தரவாதமல்ல. நீரில் மூழ்கிய வண்டியை இயக்கியோ சார்ஜ் போட்டோ பார்க்காமல், வீட்டிலிருந்து தள்ளி நிறுத்திச் சேவை மையத்துக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

குளிரைத் தாங்கும் புதிய பேட்டரிகள் வருகின்றனவா?

சோடியம் அயனி பேட்டரி அவற்றுள் முன்னணியில் இருக்கிறது. சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் 2021இல் தன் முதல் சோடியம் அயனி செல்லை அறிவித்தபோது, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும் 90 சதவீதத்துக்கு மேல் கொள்ளளவு நிற்கும் என்று கூறியது. எடைக்கு எடை அது லித்தியத்தைவிடக் குறைந்த மின்னாற்றலையே சேமிக்கும் என்பதால், குளிர்நாட்டு வண்டிகளுக்குத்தான் அதன் பயன் முதலில் தெரியும். நம் பக்கத்தில் அதை வாங்க வேண்டிய காரணம் வந்தால், அது குளிராக இராது, விலையாகத்தான் இருக்கும்.